கைப்பேசி வலைச்செயலிக்கான அடிப்படை நடைதாள்

வலைச்செயலியின் பொத்தான், பட்டியல், படிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அழகு சேர்க்கும் முன், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக எழுதப்படும் சி.எஸ்.எஸ். விதிகளின் தொகுப்பு. உலாவிகளுக்கென்று இயல்பு விதிகள் உண்டு. பக்கத்தைச் சுற்றி 8 பிக்சல் ஓரம் விடுவது அவற்றுள் ஒன்று. உலாவிக்கு உலாவி மாறும் இவ்வியல்புகளைத் துடைக்க சி.எஸ்.எஸ். வல்லுநர் எரிக் மேயர் 2007இல் ‘ரீசெட்’ விதிகளை வெளியிட்டார். பின்னர் வந்த ‘நார்மலைஸ்’ பயனுள்ள இயல்புகளை விட்டுவைத்து, முரண்களை மட்டும் சீராக்கியது; நிதானமான வழி இதுவே.

அதே 2007இல் வந்த ஐபோனின் சஃபாரி உலாவி, பக்கத்தை 980 பிக்சல் அகலத்தில் வரைந்து சிறு திரைக்குள் சுருக்கிக் காட்டியது. எழுத்துகள் எறும்புகளாயின. பார்வைப்பரப்பைச் சாதனத்தின் அகலத்துக்கு இணையாக்கும் மெட்டா குறிச்சொல்லே அதற்கு மருந்து. அது எச்.டி.எம்.எல்.லைச் சேர்ந்தது, ஆயினும் அது இல்லாமல் சி.எஸ்.எஸ். விதிகள் கைப்பேசியில் முழுப் பயன் தரா. பெட்டியின் அகலத்துக்குள் உள்விளிம்பையும் கரையையும் அடக்குவதும், படங்களின் உச்ச அகலத்தை 100 விழுக்காடாக வரம்பிடுவதும் நடைதாளில் அடுத்து எழுத வேண்டிய விதிகள்.

உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டவுடன் ஐபோன் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கும். எழுத்தளவைக் கூட்டுவதே சரி. பயனர் பெரிதாக்குவதையே தடுப்பது பார்வை குறைந்தோருக்கு இழைக்கும் தீங்கு. தமிழ்ப் பக்கங்களில் வரி உயரம் சற்றுக் கூடுதலாக வேண்டும்; நீண்ட கூட்டுச்சொற்கள் திரையைத் தாண்டி ஓடாமல் மடியவும் ஒரு விதி தேவை.