வாசிப்பு இடர்ப்பாடும் பாடசாலைத் தெரிவும்: பிரித்தானிய அனுபவம்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளையைச் சிறப்புப் பாடசாலைக்கு அனுப்புவதா, பொதுப் பாடசாலையிலேயே வைத்திருப்பதா என்ற வினா பிரித்தானியப் பெற்றோரை நெடுங்காலமாக வருத்தி வந்துள்ளது. இடத்தைப் பற்றியதாகத் தோன்றும் இவ்வினா, அடிப்படையில் தகுந்த ஆசிரியரைப் பற்றியதே என்பதை அதன் வரலாறு உணர்த்துகின்றது.

1896 இல் மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், கூர்மதி படைத்த 14 வயதுச் சிறுவனொருவன் வாசிக்க இயலாதிருந்தமையை மருத்துவச் சஞ்சிகையில் விபரித்தார். கல்வி முற்றிலும் வாய்மொழியாக அமையின் அவனே பாடசாலையில் முதன்மை பெறுவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாகும். கிளாஸ்கோ கண்மருத்துவர் ஹின்ஷெல்வூட் 1917 இல் வெளியிட்ட நூலில், இத்தகையோருக்குத் தனித்தனியே கற்பித்தல் வேண்டும் என வற்புறுத்தினார். மருத்துவர் கண்டதை வகுப்பறை ஏற்கவில்லை. 'சோம்பேறி', 'மந்தபுத்தி' என்னும் பட்டங்களே பல பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

1962 இல் இலண்டனில் இவர்களுக்கென ஒரு நிலையம் தோன்றிப் பத்தாண்டுகள் இயங்கியது. 1970 ஆம் ஆண்டுச் சட்டமொன்று டிஸ்லெக்சியாவைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. ஆயின், 1972 இல் டிசார்ட் குழு அப்பெயரையே ஐயுற்று, வேறு பெயரை விதந்துரைத்தது. பெயர் பற்றிய வாதம் நீடிக்க, வசதியுள்ள பெற்றோர் தனியார் சிறப்புப் பாடசாலைகளை நாடினர். வசதியற்றோருக்குத் தெரிவு என ஒன்று இருக்கவில்லை.

1978 ஆம் ஆண்டின் வார்னொக் அறிக்கை, ஐந்து பிள்ளைகளுள் ஒருவருக்கு ஏதேனும் ஒரு காலத்திற் சிறப்புதவி தேவைப்படலாம் என்றும், அவர்களுட் பெரும்பாலோர் பொதுப் பாடசாலையிலேயே கற்பர் என்றும் கூறியது. 1981 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இக்கொள்கையைத் தழுவியதெனினும் மேலதிக நிதியை ஒதுக்கவில்லை. பொதுப் பாடசாலையின் கதவு திறந்தது. கற்பிக்கும் திறன் கூடவே வந்து சேரவில்லை.

2000 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, ஒரு மாணவியின் டிஸ்லெக்சியாவைக் கண்டறியத் தவறியமைக்குக் கல்வி அதிகாரசபை இழப்பீடு செலுத்தும் பொறுப்புடையது எனத் தீர்ப்பளித்தது. 2009 இல் ரோஸ் அறிக்கை, சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைப் பொதுப் பாடசாலைகளுக்குக் கிட்டச் செய்தல் வேண்டும் என விதந்துரைத்தது. ஹின்ஷெல்வூட்டின் நூல் வெளிவந்து அப்பொழுது 92 ஆண்டுகள் கடந்திருந்தன.

சிறப்புப் பாடசாலை அறிவைத் தந்து தோழமையைக் குறைக்கலாம். பொதுப் பாடசாலை தோழமையைத் தந்து அறிவை மறுக்கலாம். இரண்டினுள் ஒன்றை இழக்குமாறு பெற்றோரைப் பணித்தது பிள்ளையின் குறைபாடன்று. பயிற்றப்பட்ட ஆசிரியரை எல்லா வகுப்பறைகளுக்கும் வழங்கத் தயங்கிய சமுதாயத்தின் குறைபாடே எனலாம்.