அரிசியா, இடமா?
பெரிபெரி ஆராய்ச்சி கற்பித்த பாடம்

நோய் ஒன்று ஊரைப் பிடித்துக்கொண்டால் அதைப் பற்றிய பேச்சும் ஊரைப் பிடித்துக்கொள்ளும். அஞ்சிய மக்களின் பேச்சு பல வழிகளில் ஓடுவது இயல்பே. ஆனால் கற்றறிந்த மருத்துவர் கூடிய அவையிலும் அச்சம் புகுந்துவிட்டால், பேச எடுத்துக்கொண்ட பொருள் நழுவிப் போகும். அவ்வாறு நழுவிய விவாதம் ஒன்று மலாயாவில் மீட்கப்பட்ட வரலாறுதான் பெரிபெரி நோயின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. முதலில் கால் மரத்துப்போகும். பின்பு நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். இத்தகைய நோய்களை ஆராய்வதற்காக 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், கிருமியே காரணம் என்றார். வேறு சிலர் நிலத்தின் ஈரத்தையும் கட்டடத்தின் அசுத்தத்தையும் குறை கூறினர். ஒவ்வொருவரும் தம் கட்சியை வளர்த்தனர், நோயாளியோ இறந்துகொண்டிருந்தான்.

தமிழர் உண்ட சோறு

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பார் ஓர் உண்மையைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்தவர்களுள் சீனத் தொழிலாளரே இந்நோய்க்கு மிகுதியாக இரையாயினர். அவர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய் மக்கள் தம் வீட்டு நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டதோ, நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கல் அரிசி. இவ்விரு சாராரையும் நோய் பெரும்பாலும் அணுகவில்லை. அரிசியில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதி, 1907இல் ஒரு பெருநூலே வெளியிட்டார்.

ஆயினும் வாதத்திற்கு எதிர்வாதம் எப்போதும் கிடைக்கும். ஆகவே கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்ற மருத்துவர் வினாவை ஒன்றாகச் சுருக்கினார். 1905 டிசம்பர் முதல் ஓராண்டுக் காலம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றினார். நோய் கட்டடத்தில் இருந்தால் அது கட்டடத்தோடு தங்க வேண்டும் அல்லவா? தங்கவில்லை, வெள்ளை அரிசி உண்டோரையே பின்தொடர்ந்தது. அப்பிரிவில் 18 பேர் மாண்டனர். இக்காலத்தில் எந்த மருத்துவ மன்றமும் இத்தகைய சோதனைக்கு இணங்காது. தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத அந்த மனிதரின் உயிரே இந்த அறிவுக்கு விலையாயிற்று என்பதை மறத்தல் கூடாது.

1907இல் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் டிப்புஸ் காட்டில் சாலை அமைக்க வந்த சுமார் 300 சாவகத் தொழிலாளரிடம் இதே சோதனையைச் செய்தனர். மனிதர் வாழ்ந்திராத புதுக்காட்டிலும், ஏறத்தாழ மூன்று மாதங்களில், வெள்ளை அரிசி உண்டோரிடம் நோய் தோன்றியது. பழைய கட்டடமும் பழைய அசுத்தமும் அங்கே ஏது? பின்னர்க் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, அரிசியில் நஞ்சு ஏதுமில்லை என்றும், தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்றும் காட்டினர். பிராடன் அரிசியைச் சுட்டியது சரி. நஞ்சு என்றது பிழை.

1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியை இடைவிடாது உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்பதற்குப் போதிய சான்று உண்டெனத் தீர்மானித்தது. அக்குறைபொருளை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது.

அதே மாநிலத்தில் மற்றொரு பாடம்

பொருளில் நிற்பது என்றால் முதலில் சூட்டிய பெயரைப் பற்றிக்கொண்டிருப்பது என்று கொள்ளலாகாது. 1998-99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கொள்ளப்பட்டது. அந்நோய் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ, பன்றிகளோடு பழகிய வயது வந்த ஆடவரே மிகுதியாக விழுந்தனர், தடுப்பூசி போட்டவரும் விழுந்தனர், பன்றிகளும் நோயுற்றன. இந்த முரண்பாடுகளை ஒதுக்காமல் ஆராய்ந்தவர்களுள் டாக்டர் சுவா காவ் பிங் ஒருவர். 1999 மார்ச்சில் அவர் பிரித்தெடுத்த புதிய வைரசுக்கு, போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் நிப்பா என்று பெயர் வந்தது. 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர்.

முதற்கதையில் பலவாய்ச் சிதறிய பேச்சை ஒரு வினா ஒன்றுசேர்த்தது. இரண்டாம் கதையில் ஒரு பெயருக்குள் அடங்கிய பேச்சை நோயாளிகளே மீண்டும் வினாவிடம் அழைத்து வந்தனர். இனி ஒரு நோய் வரும்போது அவையில் அமர்வோர், யார் விழுந்தனர், யார் விழவில்லை, இருவருக்கும் வேறுபாடு யாது என்ற கேள்விகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவார்களாக.