பிள்ளைகளின் பியானோ வீட்டுப் பயிற்சி: தமிழக வரலாறு

வீட்டுப் பயிற்சி என்பது, ஆசிரியரிடம் இசைப்பாடம் கேட்ட மாணவர் அடுத்த பாடம் வரையுள்ள நாள்களில் தம் வீட்டில் வாசித்துப் பழகுவதாகும். கர்நாடக இசையில் இது சாதகம் எனப்படும். பியானோ கற்கும் பிள்ளை பெரும்பாலும் வாரத்தில் ஓரிரு மணி நேரமே ஆசிரியருடன் இருக்கிறது. விரல்கள் பழகுவது மற்ற நாள்களில்தான். ஆர்வத்தோடு தொடங்கும் பிள்ளைகளில் பலர் சில ஆண்டுகளில் நின்றுவிடுவதற்கும் இந்த இடைநாள்களே காரணமாகின்றன. பிள்ளையைக் கருவியின் முன் தொடர்ந்து உட்காரவைக்க ஒவ்வொரு காலத்திலும் ஆசிரியர்களும் பெற்றோரும் கையாண்ட வழிகளை இக்கட்டுரை விவரிக்கிறது.

பியானோ தமிழகம் வந்த வரலாறு

பியானோவை 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோபோரி உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் விசையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பியானோவில் சுத்தியல்கள் கம்பிகளைத் தட்டுவதால், விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடவும் குறையவும் முடிந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இக்கருவி கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்தது. ஐரோப்பியர் இல்லங்கள், தேவாலயங்கள், மிஷன் பள்ளிகள் ஆகியவற்றில் அது முதலில் இடம்பெற்றது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) தம் அவையில் மேனாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். சென்னையில் 1842இல் தொடங்கப்பட்ட மிஸ்குித் நிறுவனம் பின்னாளில் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அண்ணா சாலையில் இசைக்கருவிக் கடையாகவும் பயிற்சி இடமாகவும் தொடர்ந்தது.

முழு அளவுப் பியானோவில் 88 விசைகளும் 200க்கும் மேற்பட்ட கம்பிகளும் உள்ளன. அதன் மரமும் கம்பளிப் பகுதிகளும் காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதால் சுருதி கலையும். ஆண்டுக்கு ஓரிரு முறையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். விலையும் பராமரிப்பும் சேர்ந்து, நெடுங்காலம் பியானோவைச் சில வீடுகளுக்குள்ளேயே நிறுத்தின.

ஐரோப்பிய ஆசிரியர்கள் கண்ட வழிகள்

வீட்டில் பழக மறுக்கும் பிள்ளை புதிய சிக்கலன்று. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1720இல் தம் ஒன்பது வயது மகன் வில்ஹெல்ம் பிரீடமனுக்கென ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். பாக்கின் வரலாற்றை 1802இல் வெளியிட்ட போர்க்கெல் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். மாணவர்களுக்கு மாதக்கணக்கில் விரற்பயிற்சி மட்டும் கொடுப்பது பாக்கின் வழக்கம். அவர்கள் பொறுமை இழப்பதைக் கண்டால், அதே பயிற்சிகளை உள்ளே வைத்துச் சிறு பாடல்களை எழுதித் தருவார். இன்று உலகெங்கும் மாணவர் வாசிக்கும் சிறு பிரெலூடுகள், இன்வென்ஷன்கள் ஆகியவை இவ்வாறு தோன்றியவை என்கிறார் போர்க்கெல்.

லியோபோல்ட் மொசார்ட் 1759இல் தம் மகள் நானெர்லுக்காக ஒரு பாட ஏட்டை உருவாக்கினார். அக்காள் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த தம்பி வோல்ப்காங்கும் அதே ஏட்டிலிருந்து கற்றான். ஐந்தாம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு ஒரு மினுவெட்டை அரை மணி நேரத்தில் அவன் கற்றுக்கொண்டதை, தந்தை அந்த ஏட்டிலேயே குறித்துவைத்தார்.

19ஆம் நூற்றாண்டில் பயிற்சி இயந்திரத்தனமாக மாறியது. கையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் கருவி ஒன்றுக்கு லோகியர் 1814இல் காப்புரிமை பெற்றார். பீத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி எழுதிய வேகப் பயிற்சிகள் எல்லா வீடுகளிலும் ஒலித்தன. அளவு மீறிய பயிற்சியின் கேட்டை ராபர்ட் சூமான் தம் உடலிலேயே அறிந்தவர். விரலுக்கு வலுவூட்டும் கருவியையும் பயன்படுத்திய அவர், வலக்கை பாதிக்கப்பட்டுப் பியானோக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட்டார். பின்னர் தம் பெண்பிள்ளைகளை மனத்தில் கொண்டு 1848இல் 43 பாடல்கள் அடங்கிய சிறுவர் தொகுப்பை எழுதினார். அதனோடு இணைத்து அவர் வெளியிட்ட வீட்டு விதிகளில், களைப்படைந்த பின் மேலும் வருத்திக்கொள்ள வேண்டாம். மகிழ்ச்சியின்றிப் பழகுவதைவிட ஓய்வெடுப்பது நல்லது என்ற கருத்தும் உண்டு. ஹங்கேரியின் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய 153 படிநிலைப் பாடல்களில் முதல் இரு தொகுதிகளைத் தம் மகன் பீட்டருக்கு உரித்தாக்கினார்.

தமிழக மரபில் சாதகம்

கர்நாடக இசையில் தொடக்கப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபுச் செய்தி. மாயாமாளவகௌளை ராகத்தில் அமையும் இவ்வரிசைகளைப் பிள்ளைகள் அதிகாலையில் மூன்று காலங்களில் பாடிப் பழகுவர். அவற்றுக்குப் பின் வரும் கீதம்தான் பிள்ளை பாடும் முதல் பாட்டு. அது கைவரும் நாளை எதிர்பார்ப்பதே பல பிள்ளைகளுக்கு வரிசைகளைக் கடக்கும் ஊக்கமாக இருந்தது.

முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு ஏறத்தாழ நாற்பது சிறு சமஸ்கிருதப் பாடல்களை இயற்றினார். நோட்டு ஸ்வரங்கள் எனப்படும் இவை கமகம் குறைந்தவை. எளிய தாளக்கட்டு உடையவை. எனவே இன்றும் இவை சிறுவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. பியானோவில் மாற்றமின்றி வாசிக்கத்தக்க கர்நாடகப் பாடல்களில் இவையும் அடங்கும்.

நாகசுரக் குடும்பங்களில் பயிற்சிக்கு வேறொரு துணை இருந்தது. சிறுவர்கள் தாளம் போட்டும், சுருதிக்குரிய ஒத்து ஊதியும் பெரியவர்களுடன் கோயிலுக்குச் சென்றனர். வீட்டில் பழகுவது எதற்காக என்ற கேள்விக்கு விடை அடுத்த திருவிழாவிலேயே கிடைத்தது. கேட்கும் காதுகள் வீட்டிலும் இருந்தன, வீதியிலும் இருந்தன.

ஆபிரகாம் பண்டிதரின் இல்லம்

மேனாட்டு இசையும் தமிழிசையும் ஒரே வீட்டில் பயிலப்பட்டதற்குச் சிறந்த சான்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) குடும்பம். சித்த மருத்துவரான அவர் இரு மரபுகளையும் கற்றவர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி மாநாடுகள் நடத்தினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார்.

அக்காலத்தில் தொடக்கப் பாடங்கள் பெரிதும் பிற மொழிகளில் இருந்தன. கற்போருக்குப் பொருள் புரிய வேண்டும் என்ற நோக்கில் பண்டிதர் தமிழில் கீதங்கள் முதலியவற்றை இயற்றிச் சுரக்குறிப்புடன் அச்சிட்டார். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இசை கற்பிக்கப்பட்டது. 1916இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில், பண்டிதரின் சுருதிக் கொள்கையை அவர் குடும்பத்துப் பெண்கள் அறிஞர்கள் முன் வீணையில் நிகழ்த்திக் காட்டினர். வீட்டுக்கூடத்தில் செய்த சாதகம் நாடறிந்த அவையொன்றில் பயன்பட்டது.

தேர்வு முறை

1872இல் நிறுவப்பட்ட லண்டன் டிரினிட்டி கல்லூரி 1877 முதல் வெளியிடங்களில் இசைத்தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. சென்னையில் இத்தேர்வுகள் வேரூன்றின. தொடக்க நிலையும் எட்டுப் படிகளும் கொண்ட இம்முறை, மாணவருக்குத் தெளிவான இலக்கையும் நாளையும் தந்தது. தேர்வு நாள் நெருங்கும்போது வீட்டுப் பயிற்சி தானே கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு படிக்குச் சில பாடல்களே போதும் என்பதால், சில வகுப்புகளில் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அவற்றையே திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் மூடிய பியானோ அடுத்த படிவம் நிரப்பும்வரை திறக்கப்படுவதில்லை. சான்றிதழ்கள் கூடியும், வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாத நிலை இதனால் ஏற்படுகிறது.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் மேனாட்டு இசையையும் பியானோவையும் கற்பித்தார். இளையராஜா, ஏ. ஆர். ரகுமான் ஆகியோர் அவரிடம் பயின்றனர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. அச்சிறுவனுக்குக் கீபோர்டு வாசிப்பது விரைவிலேயே வீட்டின் தேவையாகவும் ஆனது. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பத்து லட்சம் டாலர் பரிசு வென்ற சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரமும் இசையமைப்பாளர் ஒருவரின் வீட்டில் வளர்ந்தவரே.

மின்னணு கீபோர்டும் சிறுநகரங்களும்

கேசியோ நிறுவனம் 1980இல் கேசியோடோன் என்ற மின்னணு கீபோர்டை வெளியிட்டது. விலை குறைந்த, சுருதி கலையாத, மேசைமேல் வைக்கத்தக்க இவ்வகைக் கருவிகள் பியானோக் கல்வியைப் பெருநகரங்களுக்கு வெளியே கொண்டுசென்றன.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இத்தகைய ஊர்களுக்கு எடுத்துக்காட்டு. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இவ்வூர், ரயில் சந்திப்புக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்றது. கோயிலில் நாகசுரமும் தேவாலயத்தில் கீபோர்டும் கேட்கும் ஊரில், பியானோ கற்க விரும்பும் பிள்ளையின் கைக்கு எட்டுவது 61 விசைகள் கொண்ட கீபோர்டாகவே இருக்கும். அதன் விசைகள் இலேசானவை. அதில் பழகிய விரல், தேர்வுக்கூடத்தின் கனத்த பியானோ விசைகளில் தடுமாறும். பிள்ளை தனக்குத் திறமை இல்லை என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. உண்மையில் அது கருவியின் வேறுபாடு. தேர்வுக்கு முன் சில நாள்களாவது உண்மையான பியானோவில் அமரவைப்பது இம்மனச்சோர்வைத் தவிர்க்கும்.

கீபோர்டு கொண்டுவந்த மற்றொரு மாற்றம் காதில் மாட்டும் ஹெட்போன். அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லை. ஆனால் பிள்ளை வாசிப்பதை வீட்டிலும் எவரும் கேட்பதில்லை. பாக், பண்டிதர், நாகசுரக் குடும்பங்கள் ஆகிய எல்லா முன்மாதிரிகளிலும் இருந்த கேட்பவர் இங்கே காணாமற்போகிறார்.

ஆய்வுகள் கூறுவன

ஜப்பானின் ஷினிச்சி சுசுகி, தாய்மொழியைக் கற்பது போலவே இசையையும் கற்கலாம் என்றார். அவர் முறையில் பெற்றோரும் பாடத்தில் உடனிருந்து, தொடக்கத்தில் தாமும் சிறிது கற்றுக்கொள்வர். 1993இல் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக்கலைஞர்களை ஆராய்ந்தனர். குறை களையும் நோக்கில் செய்யும் பயிற்சி இயல்பில் இன்பமானதன்று என்றும், ஓய்வுடன் கூடிய அளவான நேரங்களே பயன் தருகின்றன என்றும் கண்டனர். 1996இல் சுலோபோடா குழுவினர் பிரிட்டனில் 257 இளையோரை ஆராய்ந்தபோது, முன்னேறியவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகப் பழகியவர்கள் எனத் தெரிந்தது. அவர்களுடைய பெற்றோர் தொடக்க ஆண்டுகளில் பயிற்சியில் அக்கறை காட்டியதும், முதல் ஆசிரியர் கனிவானவராக நினைவுகூரப்பட்டதும் அக்குழுவினரின் ஆய்வுகளில் வெளிப்பட்டன.

மதிப்பீடு

பயிற்சி எப்போதும் பிள்ளைக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. பாக்கின் மாணவர்களுக்கே அது பிடிக்கவில்லை. விரற்பயிற்சியை ஒரு பாட்டுக்குள் வைத்துக் கொடுத்ததும், வாசிக்க ஒரு நாளும் அவையும் இருந்ததும், அருகில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததுமே அவர்களைப் போன்ற பிள்ளைகளைத் தொடரச் செய்தன. தமிழகத்துப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு நோட்டு ஸ்வரமாக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கும் திரைப்பாடலாகவும் இருக்கலாம். பாட்டிக்குத் தெரிந்த மெட்டை வாசிக்கும் பேரன் அதை ஒருமுறையோடு நிறுத்துவதில்லை.

இதற்குப் பெற்றோர் இசைக்குறியீடு அறிந்திருக்க வேண்டியதில்லை. சூளை வேலை முடித்து மாலையில் வீடு திரும்பும் தந்தையும், அடுக்களையில் இருக்கும் தாயும் ஹெட்போனைக் கழற்றச் சொல்லிப் பத்து நிமிடம் கேட்கலாம். நேற்றுத் தடுக்கிய இடம் இன்று சரியாக வந்ததைச் சொல்லலாம். பியானோ வாங்க வசதியில்லாத வீட்டிலும் இது இயலும்.