சார்லட் பெருநகரில் தலைமுறைப் பொருளாதார ஏற்றம்

பெற்றோர் நின்ற வருமானப் படியிலிருந்து பிள்ளைகள் எத்தனை படி மேலேறினார்கள் என்பதே தலைமுறைப் பொருளாதார ஏற்றம் எனப்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்துச் சார்லட் நகரம், இந்த ஏற்றம் தடைப்பட்ட இடத்துக்கு உதாரணமாக ஆய்வாளர்கள் அடிக்கடி காட்டும் ஊர். 1980 முதல் 1982 வரை பிறந்தவர்களின் வருமான வரிப் பதிவுகளைக் கொண்டு ராஜ் செட்டி, நதானியேல் ஹெண்ட்ரன், பேட்ரிக் கிளைன், இம்மானுவேல் சாயஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வருமான வரிசையின் அடி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை, வளர்ந்தபின் உச்சி ஐந்தில் ஒரு பங்கை எட்டும் வாய்ப்பு சார்லட் வட்டாரத்தில் 4.4 விழுக்காடு. சான் ஹோசேயில் அது 12.9, சால்ட் லேக் சிட்டியில் 10.8. பிறப்பு எந்தத் தடையும் தராத ஊர் ஒன்று இருந்தால் அங்கே அது 20 ஆக இருக்கும். நாட்டின் 50 பெரிய வட்டாரங்களில் சார்லட்டுக்குக் கிடைத்தது ஐம்பதாவது இடம். வங்கித் தொழிலில் நியூயார்க்குக்கு அடுத்து எண்ணப்பட்ட ஊர் இது. 1998 முதல் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகமும் இங்கேதான். செல்வம் வந்து குவிந்த ஊரில் ஏழைப் பிள்ளை ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு விடை, வேலைச் சந்தையில் இருப்பதைவிட அதிகமாக, நகரம் தன் மக்களை நிலத்தில் பிரித்து வைத்த முறையில் இருக்கிறது.

அந்தப் பிரிவினை தொன்றுதொட்டு வந்த வழக்கமல்ல; இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1799இல் அருகிலுள்ள கபாரஸ் பகுதி ஓடையொன்றில் ஒரு சிறுவன் தங்கக்கட்டியைக் கண்டெடுத்தான். அதிலிருந்து வளர்ந்த சுரங்கத் தொழில் 1837இல் சார்லட்டுக்கு ஒரு நாணயச் சாலையைக் கொண்டுவந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் பருத்தியும் ரயிலும் ஊரை வளர்த்தன. வரலாற்றாசிரியர் தாமஸ் ஹான்செட் காட்டியிருப்பதுபோல், 1870களில் இங்கே கடைக்காரரும் கூலிக்காரரும், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பெரும்பாலும் அடுத்தடுத்த வீடுகளில் வசித்தனர். 1890களில் ஏழை வெள்ளை விவசாயிகளும் கறுப்பின வாக்காளர்களும் ஒரே அணியில் சேர்ந்து மாநில ஆட்சியைப் பிடித்தபோதுதான் மேல்தட்டு அஞ்சியது. 1898இல் வெள்ளை மேலாதிக்கத்தை வெளிப்படையாக முழங்கிய தேர்தல் பிரசாரம் நடந்தது. 1900இல் மாநில அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றால் எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாயின. கறுப்பினத்தவரின் வாக்கை ஏறக்குறைய முற்றாகப் பறித்த அந்தத் திருத்தத்தின் தலைவரி, ஆலைத் தொழிலாளியான ஏழை வெள்ளையரையும் தாக்கியது. வாக்கு போன பின்பே தெருக்கள் பிரிந்தன. 1911இல் மனையிடத் தொடங்கிய மையர்ஸ் பார்க் குடியிருப்பின் பத்திரங்கள், வெள்ளையருக்கு மட்டுமே வீடு என்றும், குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்து வீடு கட்டக் கூடாது என்றும் விதித்தன. முதல் நிபந்தனை நிறத்தை விலக்கியது, இரண்டாவது வறுமையை விலக்கியது. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடம் கறுப்பினக் குடியிருப்புகளைக் கடனுக்கு ஆகாதவை என்று சிவப்பில் குறித்தது. அமெரிக்கக் குடும்பம் சேர்க்கும் சொத்தில் முதன்மையானது வீடு. அதை வாங்கும் கடனே மறுக்கப்பட்டது. 1960களில் நகர் மையத்தை ஒட்டியிருந்த புரூக்லின் என்ற கறுப்பினப் பகுதி ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் இடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுடைய கடைகளும் தேவாலயங்களும் தரைமட்டமாயின. தந்தை மகனுக்குக் கைமாற்றித் தந்திருக்கக்கூடிய முதல் அங்கே மண்ணோடு போயிற்று.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் இரண்டு எளிதில் விழுகின்றன. கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்வதால் சராசரி இறங்கியது என்பது ஒன்று. ஆனால் இத்தகைய வட்டாரங்களில் வெள்ளை ஏழைகளின் பிள்ளைகளும் பிற இடத்து வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே ஏறியிருப்பதை அதே ஆய்வு கண்டது. ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களே காரணம் என்பது மற்றொன்று. அந்தத் தொடர்பு வலுவானதுதான். ஆயினும் அத்தகைய குடும்பங்கள் மிகுந்த வட்டாரங்களில், தாயும் தந்தையும் சேர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளும் பின்தங்கினார்கள். ஆகவே தடை, வீட்டுக்குள் இருப்பதைவிட வீடு நிற்கும் இடத்தில் இருக்கிறது. நகரம் செழித்ததே என்பாருக்கும் விடை உண்டு. ஆய்வு ஒருவரை அவர் வளர்ந்த ஊரின் கணக்கிலேயே வைத்தது. வெளியூரிலிருந்து வங்கி வேலைக்கு வந்தவரின் சம்பளம் சார்லட்டின் கணக்கில் சேரவில்லை. செழிப்பு வந்து குடியேறியவர்களுக்குப் போயிற்று.

கடினமான வாதம் இன்னொன்று உண்டு. 1971இல் பள்ளிகளின் இனப் பிரிவினை பற்றிய ‘ஸ்வான்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபின், இனக் கலப்புக்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்துக்குச் சார்லட் நாட்டுக்கே முன்மாதிரியானது. 1984இல் அதிபர் ரொனால்ட் ரீகன் இங்கே பேசும்போது அத்திட்டத்தைப் பழித்தார். கைதட்டலை எதிர்பார்த்த இடத்தில் அவருடைய ஆதரவாளர் கூட்டமே மௌனம் காத்தது. ஆய்வில் இடம்பெற்ற தலைமுறை அந்தப் பேருந்துகளில் போன தலைமுறைதானே, பிறகேன் ஏறவில்லை? பள்ளி பகலில் கலந்தது, குடியிருப்பு கலக்கவில்லை. பேருந்து மாலையில் பிள்ளையை அதே தெருவில்தான் இறக்கிவிட்டது. மேலும், வட்டாரம் என்பது நகரம் மட்டுமல்ல. சுற்றியிருந்த ஆலை ஊர்களில் பள்ளிப்படிப்பு முடியாதவருக்கும் நிரந்தரக் கூலி தந்த நூற்பாலைகள், இத்தலைமுறை வேலைக்கு வரும் வயதில் மூடப்பட்டன. 2003 ஜூலையில் கன்னாபொலிஸின் பில்லோடெக்ஸ் ஆலை மூடப்பட்டபோது வட கரோலைனாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். பேருந்துத் திட்டம் வீணென்றும் சொல்ல முடியாது. 1999இல் நீதிமன்றம் அதை முடித்துவைக்க, 2002 முதல் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி என்ற முறை வந்தது. பள்ளிகள் மீண்டும் பிரிந்தன. ஸ்டீபன் பில்லிங்ஸ், டேவிட் டெமிங், ஜோனா ராக்காஃப் 2014இல் வெளியிட்ட ஆய்வு, சிறுபான்மையினர் மிகுந்த பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டவர்களின் தேர்வு மதிப்பெண் குறைந்ததையும், அவர்களில் சிறுபான்மை இன ஆண் பிள்ளைகளிடையே குற்றம் கூடியதையும் காட்டியது.

ஐம்பதாவது இடம் என்ற செய்தி நகரத் தலைவர்களைச் சுட்டது. அதற்கென அமைக்கப்பட்ட பணிக்குழு 2017இல் தன் அறிக்கையை வெளியிட்டு, பிரிவினையை எல்லாத் தடைகளுக்கும் ஊடாக ஓடும் காரணமாகக் குறித்தது. 1992இல் பிறந்தோரைக் கொண்டு 2024இல் வெளிவந்த கணக்கில் சார்லட் 38ஆம் இடத்துக்கு முன்னேறியிருக்கிறது.