தோட்டத்து ரசமும் மெக்ஸிக்கோ தேசமும்

இலங்கையின் பொல்பிட்டியவிலும், அங்கிருந்து ஹட்டன் வரையில் மலைமேல் மலையாக ஏறிச்செல்லும் தேயிலைப் பிரதேசத்திலும், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நனைந்த கம்பளியோடு லயத்துக்குத் திரும்புகிறவர்களின் ஆகாரத்தில் ரசத்துக்கு விசேஷமான ஸ்தானம் உண்டு. மிளகும் சீரகமும் புளியும் சேர்ந்த அந்தப் பதார்த்தம் நமக்குப் பூர்வீகமானதுதான். ஆயினும் இன்று அதற்குச் சிவப்பு நிறமும் உறைப்பும் தருகிற செத்தல் மிளகாயும், பிற்காலத்தில் புளிக்குத் துணையாக வந்த தக்காளியும் மெக்ஸிக்கோ தேசத்திலே மனிதர் கையில் பயிராகிப் பழகி, ஐரோப்பியருடைய கப்பல்களில் நம் கரைக்கு வந்து சேர்ந்தவை என்பதை, ரசத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸ்பானியத் தளபதி கோர்டேஸின் படை 1521-இல் மெக்ஸிக்கோவின் டெனோச்டிட்லான் ராஜதானியைப் பிடிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்நாட்டுப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கியும், மிளகாயை மூன்று கால் வைத்த கல்லில் குழவியால் அரைத்தும் சமைத்து வந்தார்கள். நம் அம்மியைக் கண்டவர் எவருக்கும் அந்தக் கல் அந்நியமாகத் தோன்றாது. இன்றும் அங்கே வீடுகளில் சூப் வைக்கிற கிரமம் ஏறக்குறைய இதுதான்: தக்காளி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை ஓட்டிலிட்டுக் கருக வாட்டி, ஊறவைத்த செத்தல் மிளகாயோடு அரைத்து, எண்ணெயில் சுண்ட வதக்கி, கோழிச்சாற்றில் கொதிக்கவிட்டு, பொரித்த சோளரொட்டிக் கீற்றுகளைத் தூவிப் பரிமாறுவார்கள். சீரகமும் புளியும் சேர்த்துவிட்டால் நம்மவர் அதை ரசம் என்றே ஒப்புக்கொண்டுவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இலங்கை மலைநாட்டில் 1820-களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பின்னர், மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த ஜனங்கள் நம் ரசச் சமையலையும் உடன் கொண்டுவந்தார்கள். 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் கோப்பியை இலைநோய் பற்றியதும், அதன்பின் மலையெங்கும் தேயிலையே பரவியதும் யாவரும் அறிந்த சரித்திரம். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மிளகாய், மல்லி, புளி முதலிய சரக்குகளுக்கோ கடையையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. நமக்குப் பழையதான மிளகு, பலாமரத்தைப் பற்றிக்கொண்டு இந்த ஈரமலையிலேயே செழிக்கிறது. மெக்ஸிக்கோவிலிருந்து வந்த சௌசௌவும் லயத்துப் பந்தலில் தானாகப் படர்கிறது. அதே தேசத்து மிளகாய் மட்டும் காய்ந்து வற்றலாவதற்கு வெயிலைக் கேட்கிறது. ஆகையால் தோட்டத்துச் செத்தல் மிளகாய் தென்னிந்தியாவிலிருந்தோ இலங்கையின் வறண்ட பிரதேசத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

அந்தப் பராதீனத்தின் விலை 1970-களில் தெரிந்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் மிளகாய்ச் செய்கையால் நல்ல பணம் கண்டார்கள். அதே காலத்தில், 1973, 1974 வருஷங்களில், கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டு, வெளிச்சந்தை விலை கூலிக்கு எட்டாமற்போய், தோட்டங்களில் பட்டினியும் மரணமும் மிகுந்தன. 1977-இல் ஆட்சி மாறி இறக்குமதி தாராளமானதும் வெளிநாட்டு மிளகாய் மீண்டும் சந்தைக்கு வந்தது. வடக்கே மிளகாயை நம்பியிருந்தவர்கள் நஷ்டமடைந்தார்கள். அதற்குள் 1964-ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தோட்டத்துக் குடும்பங்கள் பல தலைமன்னாரில் கப்பலேறி, முன்னோர் புறப்பட்டு வந்த கரைக்கே போய்விட்டிருந்தன.