பூட்டிய தட்டு

காசைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட்டால் அது நம்முடையது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். குத்துவிளக்கை வாங்கியவன் அதைக் கூடத்தில் வைப்பான், பூஜை அறையில் வைப்பான், வேண்டாமென்றால் பரணில் போடுவான். விற்றவன் வந்து, "ஏன் ஐயா பரணில் போட்டாய்?" என்று கேட்பதில்லை. இந்தச் சாதாரண நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு பையன் மூன்று நான்கு வருஷம் வழக்கும் விசாரணையுமாக அலைய நேர்ந்தது. அவன் வாங்கியது குத்துவிளக்கு அல்ல, சினிமாப் படம் அடங்கிய ஒரு டி.வி.டி. தட்டு.

1996 நவம்பரில் ஜப்பானில் இந்தத் தட்டு விற்பனைக்கு வந்தது. மறு வருஷம் அமெரிக்காவுக்கும் போயிற்று. குறுக்களவு 12 சென்டிமீட்டர்தான். ஒரு முழுப் படம் அதில் அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் வீடுகளில் இருந்தது வீடியோ டேப். டேப்பைப் பார்த்து இன்னொரு டேப் எடுத்தால் படம் கொஞ்சம் மங்கும். அதைப் பார்த்து மற்றொன்று எடுத்தால் இன்னும் மங்கும். நாலு கை மாறி வந்த பிரதியில் கதாநாயகி யார், தோழி யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்! படமெடுக்கும் முதலாளிகளுக்கு இந்த மங்கலே ஒரு காவலாக இருந்தது. தொலைக்காட்சியில் வருவதைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமல்ல என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதுவும் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம்; ஒரு வோட்டு வித்தியாசம்.

புதிய தட்டில் இருப்பதோ வெறும் எண்கள். எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால் ஆயிரமாவது பிரதியும் முதல் பிரதியைப் போலவே இருக்கும். முதலாளிகளுக்குத் தூக்கம் வருமா? ஆகவே பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டு வேலை செய்த விதம் சுவாரஸ்யமானது. படத்தின் எண்களைக் கலைத்துப் போட்டு எழுதினார்கள். கலைத்ததை ஒழுங்கு செய்யும் சாவியைத் தட்டின் உள்விளிம்பருகே ஒரு மறைவான இடத்தில் வைத்தார்கள். வீட்டில் பதிவு செய்ய விற்ற வெற்றுத் தட்டுகளில் அந்த இடத்தை முன்கூட்டியே நிரப்பி அடைத்துவிட்டார்கள். ஆகவே, அப்படியே நகல் எடுத்தால் படம் வரும், சாவி வராது. ஆனால் ஆலை வைத்துத் திருட்டுத் தட்டு அச்சடிக்கிறவன் பூட்டையும் சாவியையும் சேர்த்தே அச்சடித்துவிட முடியும். திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைத் தடுத்த பூட்டு!

நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையன் இருந்தான். லினக்ஸ் முறையில் ஓடும் கம்ப்யூட்டரில் டி.வி.டி. பார்க்க அப்போது முறையான கருவி எதுவும் கிடையாது. முகம் தெரியாத இரண்டு பேருடன் சேர்ந்து, பூட்டைத் திறக்கும் ஒரு சிறிய நிரலை அவன் உருவாக்கி, 1999 அக்டோபரில் இணையத்தில் வெளியிட்டான். 2000 ஜனவரியில் போலீஸார் வீடு தேடி வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். தகப்பனாரையும் விசாரித்தார்கள். 2002-ல் பையன் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நியாயமாக வாங்கிய படத்தை, செய்தவன் நினைத்த வழியில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவனை விடுவித்தது. அரசாங்கம் விடவில்லை, மேல்முறையீடு செய்தது. அதே வருஷம் டிசம்பரில் அங்கேயும் விடுதலை. அதற்குள் பையனுக்கு வயது இருபது.

அமெரிக்காவில் கதை வேறு. பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்பக் கூடாது என்று 1998-லேயே சட்டம் செய்திருந்தார்கள். அதன்படி 2000 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒரு பத்திரிகைக்குத் தடை விதித்தது. ஜனங்கள் அந்த நிரலைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அதைக் கவிதையாகவே எழுதினார். வீட்டுப் பிரதிக்கென்றே மென்பொருள் விற்ற 321 ஸ்டுடியோஸ் என்ற கம்பெனி, 2004-ல் வழக்கில் தோற்றுக் கடையை மூடியது.

ஆனால் கைத்தொழில் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. கடையில் வாங்கும் தட்டில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு, 8.5 ஜிகாபைட் கொள்ளும். வெற்றுத் தட்டு கொள்வது 4.7. மரக்காலில் இருப்பதைப் படியில் கொட்டுகிற சங்கடம். டி.வி.டி. ஷ்ரிங்க் என்ற இலவச மென்பொருள் இதற்குக் கை கொடுத்தது. கெட்டிக்காரர்கள் முதலில் விளம்பரங்களையும், தெரியாத பாஷைகளின் ஒலியையும் கழித்தார்கள். அதன் பிறகும் இடம் போதாவிட்டால்தான் படத்தை நசுக்கினார்கள். அவசரப்பட்டு நசுக்கினால் இருட்டுக் காட்சியும் புகையும் கட்டம் கட்டமாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும். படம் முழுவதையும் ஒரு முறை ஆராய்ந்துவிட்டு, மறு முறை சுருக்குவது நல்ல வழி. 2004-ல் இரண்டு அடுக்கு வெற்றுத் தட்டுகளும் வந்தன. நசுக்க வேண்டிய அவசியமே போயிற்று.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ஆலைத் தட்டில் படம் குழிகளாக அச்சாகியிருக்கிறது. வீட்டுத் தட்டில் லேசர் சுட்ட சாயத்தில் இருக்கிறது. வெயில் பட்டால் சாயம் கெடும். ஆகவே, காப்பாற்றுவதற்காக எடுத்த பிரதி, மூலத்துக்கு முன்பே கண்ணை மூடிவிடக் கூடும். அதை நிழலில் வைத்து, அவ்வப்போது ஓட்டிப் பார்த்து, காலம் தாழ்த்தாமல் வேறொன்றில் மாற்றி எழுதுகிறவர் வீட்டில்தான் படம் தங்கும்.

இன்று படம் இணையத்தின் வழியே வீட்டுக்கு வருகிறது. மாதச் சந்தா கட்டுகிறோம்; நேற்றுப் பார்த்த படம் இன்று பட்டியலில் இல்லாமல் போனால் கேட்க நாதியில்லை. பூட்டிய தட்டாவது அலமாரியில் நம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அந்த நார்வேப் பையன் திறந்து பார்க்க ஒரு பூட்டாவது இருந்தது.