சொங்கெட் நெசவு: நலிவும் மறுமலர்ச்சியும்

மலாய்க்காரர் வீட்டுத் திருமணங்களுக்கு நம்மில் பலர் சென்றிருப்போம். அன்று மணமக்களை 'ஒருநாள் ராஜா' என்பார்கள். அந்த ஒருநாள் அரசருக்குரிய ஆடையே சொங்கெட். பொன்னிழை மின்னும் இத்துணியின் வரலாற்றை இன்று காண்போம்.

'சுங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கு நெம்பித் தூக்குதல் என்று பொருள். அதிலிருந்தே சொங்கெட் என்னும் பெயர் பிறந்தது என்பர். பாவு நூல்களை எண்ணித் தூக்கி, இடையே சரிகையைச் செலுத்துவதே இந்நெசவின் உயிர். சுமார் 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் இக்கலை, திரெங்கானுவிலும் கிளந்தானிலும் சிறந்து வளர்ந்தது. அணிந்து மகிழ்ந்தவர்கள் அரண்மனையார். நெய்து கொடுத்தவர்களோ பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். 'கெக்' எனப்படும் தறிக்கு இரண்டு மிதிகள் உண்டு. தறியையும் கருவிகளையும் செய்து தருவது ஆண்களின் வேலை.

பூ வேலை எப்படி அமைகிறது தெரியுமா? நாம் விளக்குமாறு கட்டுகிறோமே, அந்த ஈர்க்குதான் இங்கே எழுதுகோல்! எந்த நூல் மேலே வரவேண்டும், எது கீழே நிற்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணி, ஈர்க்கைச் செருகி வடிவத்தை அமைப்பார்கள். பிறகு அவ்வரிசைகளை நூல் கண்ணிகளால் கட்டிவிடுவார்கள். நெய்யும்போது கண்ணியைத் தூக்கி, சரிகையைக் கோத்தால் பூ மலரும். எண்ணிக்கையில் ஒரு நூல் தவறினாலும் பூ சிதைந்துவிடும். மூங்கில் குருத்து, மங்குஸ்தான் பழத்தின் காம்பு, கிராம்புப் பூ என்று வீட்டைச் சுற்றிக் கண்டவையே துணியில் ஏறின. நுணுக்கமான துணி ஒன்றை முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

இத்தகைய தொழில் ஏன் நலிந்தது? ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்தது. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நூலுக்கும் துணிக்கும் கடும் பஞ்சம். நம் தோட்டத்துப் பெரியவர்கள் சாக்கை உடுத்திய காலம் அது. நூலில்லாத தறி என்ன செய்யும்?

போருக்குப் பின் மீட்பு முயற்சிகள் தொடங்கின. கிராமத் தொழில்களை வளர்க்க 1950இல் 'ரீடா' அமைப்பு தோன்றியது. 1966இல் அதன் பணியை 'மாரா' ஏற்றது. 1979இல் கைவினைக்கென்றே தனிக் கழகம் அமைந்தது. இன்று ரவாங்கிலுள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் இளைஞர்கள் நெசவை முறையாகப் பயில்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ, சொங்கெட்டை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நேயர்களே, பட்டியலில் இடம்பெற்றதால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது. இயந்திரத்தில் அச்சிட்ட போலித்துணி குறைந்த விலையில் கிடைக்கும்போது, மாதக்கணக்கில் உழைத்தவளிடம் போய் நாம் விலை பேசுகிறோம். உழைப்புக்கேற்ற கூலி கிடைத்தால்தான் தாய் தன் மகளைத் தறியில் உட்கார வைப்பாள். கிடைக்காவிட்டால் வேறு வேலைக்கு அனுப்பிவிடுவாள். அப்படி ஒரு தலைமுறை கற்கத் தவறினால், அந்த எண்ணிக்கைக் கணக்கு கைகளோடு மறைந்துபோகும். உழைப்பின் அருமை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அடுத்தமுறை சொங்கெட்டைக் காணும்போது, பொன்னிழையோடு அதை எண்ணிக் கோத்த விரல்களையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.